திறக்க மறுத்த கதவு

உங்கள் வீட்டில் ஓர் அலுமாரிக் கதவோ, குசினி ஜன்னலோ இறுகிப்போய்த் திறக்க மறுத்ததுண்டா? அப்போது நீங்கள் என்ன செய்தீர்கள்? நான் செய்தது பெரிய பிழை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வாப்பா விட்டுச் சென்ற மொரிஸ் மைனர் கார் ஒன்று வீட்டில் இருக்கிறது. அலெக் இஸ்ஸிகோனிஸ் வடிவமைத்த இந்தக் கார் 1948இல் லண்டன் கண்காட்சியில் அறிமுகமாகி, 1970களின் தொடக்கம் வரை 16 இலட்சம் அளவில் உற்பத்தியானது. நம் நாட்டு வீதிகளில் இன்றும் அதைக் காணலாம். எங்களுடையது இரண்டே கதவுகள் உள்ளது.

உம்மாவுக்கு நீரிழிவு; முழங்கால் வருத்தமும் உண்டு. கிளினிக் போகும்போது இடப்பக்கக் கதவால் ஏறி முன் சீட்டில் அமருவார். சென்ற மழைக் காலத்தில் கார் பல வாரங்கள் ஓடாமல் நின்றது. அதன்பின் அந்தக் கதவு உள்ளிருந்தும் திறக்கவில்லை, வெளியிலிருந்தும் திறக்கவில்லை. சாரதி பக்கத்தால் ஏறி, கியரைத் தாண்டி அந்தப் பக்கம் போக உம்மாவால் முடியுமா? முச்சக்கர வண்டியில் போனார். திரும்பி வந்து இரண்டு நாள் படுக்கையை விட்டு எழவில்லை.

வெளிநாட்டிலிருக்கும் நானா தொலைபேசியில், "பழைய இரும்புக்குக் குடுத்திடு தங்கச்சி" என்றார். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. உம்மா மட்டும் சம்மதிக்கவில்லை. அந்தக் கோபத்தில் போய் உள் கைப்பிடியைப் பலங்கொண்டு இழுத்தேன். அது வளைந்துவிட்டது. பார்த்துக்கொண்டிருந்த உம்மா சொன்னார்: "உங்கட வாப்பா இந்தக் கதவ ஒரு நாளும் அடிச்சிச் சாத்தினதில்ல மகள்." எனக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது.

அடுத்த தெருவில் ஒரு காலத்தில் கராஜ் வைத்திருந்த முதியவரை அழைத்து வந்தோம். 'பாஸ் மாமா' என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். வந்தவர் கதவைத் தொடவேயில்லை. "கைபிடி லேசாச் சுத்துதா, இறுக்கமாச் சுத்துதா?" என்று கேட்டார். பிடிமானமே இல்லாமல் சுற்றினால் உள்ளே கம்பி கழன்றிருக்கலாம். இறுக்கமாக இருந்தால் பழைய கிறீஸ் காய்ந்து, துரு ஏறி லொக் பிடித்திருக்கலாம் என்றார். எங்களுடையது இரண்டாவது வகை.

துரு இளக்கும் எண்ணெயை லொக் இருக்கும் இடுக்கில் விடச் சொன்னார். இடுக்கோ மிக ஒடுக்கம். உம்மாவின் மருந்துப் பெட்டியிலிருந்து ஊசி பூட்டாத புதிய சிறிஞ்ச் ஒன்றை எடுத்து, மெல்லிய குழாய் செருகித் துளித் துளியாக விட்டேன். "இனி நாளைக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஓர் இரவு பொறுக்க வேண்டுமென்பதுதான் எனக்குப் பெரிய சோதனையாக இருந்தது!

காலையில் மறுபடியும் எண்ணெய் விட்டோம். என் கணவர் வெளியே நின்று கதவை இழுக்காமல் உள்நோக்கி அழுத்தினார். கீழ்விளிம்பைச் சற்றுத் தூக்கியும் பிடித்தார். பழைய கார்களில் கீல் தேய்ந்து கதவு தொய்ந்திருக்கும். உள்நோக்கி அழுத்தும்போது கொளுவியின் மேலுள்ள இறுக்கம் குறையும். நான் உள்ளே இருந்து கைப்பிடியை மெதுவாகத் திருப்பி விட்டேன், திருப்பி விட்டேன். ஐந்தாறு தடவைக்குப் பின் 'டக்' என்றொரு சத்தம். கதவு திறந்துகொண்டது! அப்படியும் திறக்காதிருந்தால் கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டு, உட்பலகையைக் கழற்றி, லொக்கைக் கையாலேயே அசைக்க வேண்டி வந்திருக்குமாம்.

மூல காரணம் கதவின் அடியில் இருந்தது. மழைநீர் வடிவதற்கான சிறு துவாரங்கள் மண்ணால் அடைபட்டிருந்தன. ஈர்க்குச்சியால் குத்தியதும் கலங்கிய தண்ணீர் வழிந்தது. காய்ந்த கிறீஸை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துப் புதிதாகப் பூசினோம். மண்ணெண்ணெய் றப்பரைக் கெடுக்கும். அதில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். றப்பர் ஒட்டாதிருக்கக் கொஞ்சம் பவுடர் தடவினாலே போதும். கதவைச் சாத்துமுன் கொளுவியை ஸ்க்ரூட்ரைவரால் அழுத்தி, கைப்பிடி அதை விடுவிக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் மறுபடியும் பழைய கதைதான்!

அடுத்த கிளினிக் நாளன்று உம்மா தன் இடத்தில் ஏறி அமர்ந்து, கதவைத் தானே மெல்லச் சாத்தினார். வழியெல்லாம் வாப்பாவைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். வாப்பா மௌத்தான பிறகு அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதேயில்லை. அந்தக் காரை விற்க ஏன் மனம் வரவில்லை என்று அன்றுவரை நான் உம்மாவிடம் கேட்டதுமில்லை. பிடிவாதம் என்று நானாகவே முடிவு செய்து, கதவை இழுத்தது போலவே அவரோடும் இழுபறிப்பட்டிருக்கிறேன்.

வளைந்த கைப்பிடியை மாற்றித் தருவதாகப் பாஸ் மாமா சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். அது அப்படியே இருக்கட்டும். என் கைக்கு அவசரம் வரும்போது கண்ணில் படட்டும்.