சலப்பை வலியை மறைக்காதீர்கள்

வுழூச் செய்து தொழுகைக்கு நின்றதுமே அடிவயிறு வலித்து, மீண்டும் மலசலகூடத்துக்கு ஓடியிருக்கிறீர்களா? நான் இரண்டு வருடங்கள் ஓடினேன். வெட்கத்தால் சொல்லாமல், கிருமியென்று நானே முடிவெடுத்து மாத்திரை விழுங்கினேன்.

பரிசோதித்தபோது சிறுநீரில் கிருமியே இல்லை. சலப்பை நிறையும்போது கூடி, சலம் கழித்தால் குறைந்து, 6 வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இவ்வலி தனியொரு நோயென லேடி டொக்டர் விளக்கினார். சலப்பையின் உட்சுவர்ப் படலம் பழுதடைவதும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. அடியோடு மாற்றும் மருந்தில்லை, ஆனால் அடக்கலாம்.

தேநீர், தேசிக்காய், உறைப்பைக் குறைத்தேன்; இடுப்புத் தசைகளைத் தளர்த்தும் பயிற்சி பழகினேன். தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள், எரிச்சல் கூடும். சலத்தில் இரத்தம் கண்டால் தாமதிக்காமல் வைத்தியரிடம் செல்லுங்கள்.

அல்ஹம்துலில்லாஹ்! இப்போது இஷாவை ஒரே வுழூவுடன் தொழுது முடிக்கிறேன்.