சில செகண்டு விருந்தாளி

மேல்பட்டாம்பாக்கத்தில் கரண்ட் போனால் ஒரு லாபம்: மொட்டை மாடியில் படுத்து வானத்தைப் பார்க்கலாம். நான் பி.காம். நட்சத்திரத்தையும் வரவு செலவாகத்தான் பார்ப்பேன். அந்தப் பேரேட்டில் ரொம்ப நாள் உதைத்த கணக்கு, காமாக் கதிர் வெடிப்பு.

வானத்தில் ஏதோ ஒரு மூலையில் சில செகண்டு, சமயத்தில் சில நிமிஷம் பளிச்! அவ்வளவுதான். காற்று மண்டலம் தடுத்துவிடுவதால் தரையிலிருந்து பிடிக்க முடியாது. 1967-ல், எவனாவது திருட்டுத்தனமாக அணுகுண்டு வெடிக்கிறானா என்று வேவு பார்த்த அமெரிக்காவின் வேலா செயற்கைக்கோள்களிடம் முதலில் சிக்கியது. எங்கிருந்து வருகிறது? 1997-ல் பெப்போசாக்ஸ் துப்புக் கொடுக்கும்வரை, 30 வருஷம் விலாசமில்லாத தபால்!

காமாக் கதிரை லென்ஸ் வைத்துக் குவிக்க முடியாது சார். ஆனால் ஜன்னல் கம்பியின் நிழலைப் பார்த்தே சூரியன் எந்தப் பக்கம் என்று சொல்கிறோமே, அந்த யுக்தி போதும். 2004-ல் போன ஸ்விஃப்டில் கம்பிக்குப் பதில் 50,000-க்கு மேல் ஈயத் துண்டுகள். நிழல் சொன்ன திசைக்குச் சுமார் ஒன்றரை நிமிஷத்தில் டெலஸ்கோப் திரும்பும். லேட்டானால் மிச்ச வெளிச்சம் மங்கிவிடும். தூரக் கணக்கு பைசலாகாது.

நம்ம ஆளும் லேசுப்பட்டவரில்லை. 2015 செப்டம்பர் 28-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய அஸ்ட்ரோசாட், கருவியை ஆன் செய்த அன்றைக்கே, அக்டோபர் 6-ல், போணி பண்ணியது. 2023-ல் ஸ்கோர் 600!

2022 அக்டோபர் 9-ல் வந்த வெடிப்பின் வெளிச்சம் புறப்பட்டுச் சுமார் 200 கோடி வருஷம். அவ்வளவு தூரம் வந்தவரை, 'வீட்டில் ஆளில்லை' என்று அனுப்பினால் தமிழன் மானம் என்னாவது?