அண்ணன் ஏற்றாமல் விட்ட பாய்மரங்கள்

சென்ற ஆண்டு தை மாதம் அண்ணன் மகன் பிரான்சிலிருந்து வந்தபோது ஒரு பெரிய அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து எங்கள் தென்னேரி வீட்டுத் திண்ணையில் வைத்தான். உள்ளே ஒரு மரக்கப்பல். பழைய பிரெஞ்சுப் போர்க்கப்பலின் மாதிரி, எழுபத்து நான்கு பீரங்கி வகை. நூற்றில் ஒரு பங்கு அளவு என்று வரைபடத்தில் போட்டிருந்தது. பீரங்கித் துளைகள், தளம், சுக்கான் எல்லாம் முடிந்திருந்தன. பாய்மரம் மட்டும் இல்லை. தளத்தில் மூன்று ஓட்டைகள் காலியாக இருந்தன.

"தம்பி, அவர் அதுக்கு மேல தொடவே இல்ல. நீங்க முடிச்சிடுங்க" என்றார் அண்ணி தொலைபேசியில். அண்ணன் காலமாகி அப்போது ஏழு மாதம்.

எனக்கும் அண்ணனுக்கும் பத்து வயது வித்தியாசம். 1962 ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று இருந்தது. அண்ணன் எழுதிக் கொடுத்தார். அப்பா கொடுக்கவில்லை. நான் சிறுவன், அப்பாவோடு சேர்ந்தவன். அண்ணன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து கப்பலேறிவிட்டார். அப்பா சாகும்வரை அவர் பெயரை வீட்டில் எடுக்கவில்லை. நானும் கடிதம் போட்டதைவிடப் போடாமல் விட்டதுதான் அதிகம்.

சரி, கப்பலுக்கு வருகிறேன். அந்தக் காலத்துப் பாய்மரம் ஒற்றை மரம் அல்ல. அடிமரம், அதன் மேல் நடுமரம், அதற்கும் மேல் மெல்லிய உச்சிமரம் என்று மூன்று துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பிணைப்பார்கள். புயலிலோ போரிலோ மேல்துண்டு முறிந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் அல்லவா? பெட்டியில் இருந்த குச்சிகள் வளைந்திருந்தன. ஊர்த் தச்சரிடம் நேர் ரேகையுள்ள தேக்குச் சிம்பு வாங்கினேன். உருண்டைக் குச்சியை நேரே இழைத்தால் ஒருபக்கம் சாய்ந்துவிடும். முதலில் சதுரமாகச் சீவி, மூலைகளை எடுத்து எட்டுப்பட்டையாக்கி, அதைப் பதினாறாக்கி, அதன் பிறகுதான் உப்புத்தாள் போட்டு உருட்ட வேண்டும். மேலே போகப்போக இளைத்துக்கொண்டே வர வேண்டும்.

இதில் ஒரு கூத்து நடந்தது. அளவுகளைச் சரிபார்க்கப் பேரன் ஆங்கிலக் குறிப்பு ஒன்றைப் படித்துச் சொன்னான். "மிஸன்" என்றான். பள்ளியில் பிரெஞ்சு படித்த காதுக்கு அது "மிஸேன்" என்று விழுந்தது. பிரெஞ்சில் மிஸேன் என்றால் முன்பாய்மரம். ஆங்கிலத்தில் மிஸன் என்றால் பின்பாய்மரம்! பின்மரம்தான் மூன்றிலும் குட்டை. அந்த அளவில் முன்மரத்தை அறுத்துத் தொலைத்தேன். இரண்டு துண்டுத் தேக்கு வீண். அண்ணன் இருந்திருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பார்.

மரத்தை நிறுத்துவதைவிடக் கயிறு கட்டுவதுதான் பெரிய வேலை. மரத்தை இருபக்கமும் இழுத்துப் பிடிக்கும் கயிறுகளைப் பிரெஞ்சில் "ஓபான்" என்பார்கள். அவற்றை இணை இணையாக, வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றிக் கட்ட வேண்டும். ஒரே பக்கம் கட்டிக்கொண்டே போனால் மரம் அந்தப் பக்கம் சாயும். கீழ்முனையில் மூன்று துளையுள்ள சின்ன மரவட்டுகள். பிரெஞ்சில் அதற்கு "ஆட்டுத்தலை" என்று பெயர். பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது. பிறகு மாலுமிகள் ஏறுவதற்கு ஏணிப்படி போலக் குறுக்குக் கயிறுகள். நான்கு மில்லிமீட்டருக்கு ஒன்று, ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு முடிச்சு. கோப்புக்கு நாடா கட்டியே ஓய்வு பெற்றவன் நான். இந்த முடிச்சு வரவில்லை.

முதலில் கட்டிய பருத்தி நூல் ஐப்பசி மழையில் சதி செய்தது. ஏரி நிரம்பி வீடெல்லாம் ஈரம். நூல் ஈரத்தில் இறுகி, வெயிலில் தளர்ந்து, உச்சிமரத்தை வில்லாக வளைத்துவிட்டது. அத்தனையையும் அறுத்தேன். ஐயம்பேட்டையில் தறி வைத்திருக்கும் உறவுக்காரப் பெண் மிச்சப் பாவு நூல் கொடுத்தாள். "மாமா, இழுத்துக் கட்டாதீங்க. எல்லாத்தையும் ஒரே தளர்ச்சியில விட்டுட்டு, கடைசியில ஒண்ணா இறுக்குங்க" என்றாள். பழைய பாவோடு புதுப்பாவை இழை இழையாகப் பிணைக்கிறவள். தேன்மெழுகு தடவி அவள் சொன்னபடியே செய்தேன். நின்றது.

வேலைக்கு நடுவே அந்தக் காலத்துக் கதைகளையும் படித்தேன். புதுச்சேரியில் சுஃப்ரேன் வீதி வழியாக எத்தனையோ முறை போயிருக்கிறேன். அந்தத் தளபதி 1782 பிப்ரவரி 17 அன்று நம் சதுரங்கப்பட்டினத்துக் கடலில்தான் ஆங்கிலேயரோடு மோதினார். ஜூலை 6 அன்று நாகப்பட்டினம் அருகே நடந்த சண்டைக்குப் பிறகு கடலூருக்கு வந்தபோது, உடைந்த பாய்மரத்துக்கு மாற்று மரம் இல்லை. சிறிய கப்பல்களின் மரத்தைப் பிடுங்கிப் பெரிய கப்பல்களில் நட்டார்கள். மரம் வாங்க மலாக்காவுக்கு ஒரு கப்பலை அனுப்பினார்கள். கரையில் வீடுகளை இடித்து அந்த மரத்தால் கப்பலைச் செப்பனிட்டார்கள். கப்பலுக்காக வீடு இடிந்த கதை எங்கள் குடும்பத்துக்கும் தெரிந்ததுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

கயிற்று வேலைக்கு வந்தபோதுதான் வரைபடத்தின் கடைசித் தாளை விரித்தேன். பிரெஞ்சுப் பெயர்களுக்குப் பக்கத்தில் அண்ணன் பென்சிலால் தமிழ் எழுதியிருந்தார். பெரிய பாய்மரம். பருமல். நங்கூரம். அதே சாய்ந்த கையெழுத்து. ஐம்பது வருஷத்துக்கு மேல் அங்கே இருந்தவர்! "ஓபான்" என்ற சொல்லுக்கு எதிரே மட்டும் தமிழ்ப் பெயர் இல்லை. "தம்பியைக் கேட்கணும்" என்று இருந்தது.

கேட்கவில்லை. நானும் ஒருநாளும் "என்ன செய்றீங்க அண்ணா" என்று விசாரித்ததில்லை. அந்தத் தாளை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அப்பாவின் கோபம் அப்பாவோடு போயிருக்க வேண்டும். நான் ஏன் அதைச் சுமந்தேன் என்பதற்கு இன்றும் என்னிடம் பதில் இல்லை.

கப்பல் இப்போது கூடத்து அலமாரியில் நிற்கிறது. உச்சியில் வெள்ளைக்கொடி. வந்தவர்கள் "என்ன சார், சரணடைஞ்சிட்டாங்களா?" என்கிறார்கள். அன்று பிரெஞ்சு ராஜாவின் கப்பற்கொடியே வெள்ளைதான் என்று விளக்கம் சொல்வேன். அண்ணியிடம் வீடியோவில் காட்டினேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு "மரம் நேரா நிக்குது தம்பி" என்றார்.

அந்தச் சொல்லுக்கு அகராதிகளில் தேடினேன், மனதுக்கு ஒட்டியது எதுவும் கிடைக்கவில்லை. கடைசியில் அண்ணன் எழுதியதற்குக் கீழே, அதே பென்சில் எழுத்தில், "தாங்குகயிறு" என்று எழுதி வைத்தேன்.

கேட்க வேண்டியவர்கள் உங்களுக்கும் யாராவது இருந்தால், இன்றைக்கே ஒரு போன் போட்டுவிடுங்கள்.