ஸ்கூட்டரில் போன ஓட்டு மெஷின்

சனீஸ்வரன் கோயிலுக்குப் பேர்போன பொழிச்சலூரில் ஒருவர் 2021-ல் இரண்டு தடவை, இரண்டு விதமாக ஓட்டுப் போட்டிருப்பார். கள்ள ஓட்டு இல்லை, சட்டப்படிதான்! ஏப்ரல் 6-ம் தேதி சட்டமன்றத் தேர்தல். பல்லாவரம் தொகுதிக்கு மெஷினில் பட்டனை அழுத்தினார். அக்டோபரில் ஊராட்சித் தேர்தல். வார்டு, தலைவர், ஒன்றியம், மாவட்டம் என்று நான்கு நிறத்தில் நான்கு சீட்டு. முத்திரை குத்தி, மடித்துப் பெட்டியில் போட்டார். பக்கத்திலேயே இருக்கும் பம்மலும் அனகாபுத்தூரும் தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்துவிட்டதால், 2022 பிப்ரவரியில் அங்கே உள்ளாட்சிக்கும் மெஷின்தான்.

சரி, எதை நம்புவது? சீட்டையா, மெஷினையா?

டீக்கடையில் கேட்டால் பதில் ரெடியாக இருக்கும். தோற்ற கட்சிக்காரர், "மெஷின்ல ஏதோ பண்ணிட்டாங்கப்பா" என்பார். ஜெயித்தவர் சிரிப்பார். அடுத்த தேர்தலில் இருவரும் வசனத்தை மாற்றிக்கொள்வார்கள். 2001-ல் மெஷின் வேண்டாம் என்று சென்னை உயர்நீதிமன்றம் வரை போனது அ.தி.மு.க. வழக்கு நிற்கவில்லை. அதே மெஷினில் நடந்த தேர்தலில் ஜெயித்து ஆட்சிக்கு வந்ததும் அ.தி.மு.க.தான்.

இந்த மெஷின் உருவானதில் எழுத்தாளர் சுஜாதாவுக்கும் பெரிய பங்கு உண்டு. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் அவர் வேலை பார்த்த காலத்துச் சமாச்சாரம். இன்டர்நெட், வைஃபை எதுவும் இதில் கிடையாது. அமெரிக்காவில் உட்கார்ந்துகொண்டு ஆண்டிப்பட்டி ஓட்டை மாற்றுவதெல்லாம் வாட்ஸ்அப் கதை. ஒரு ஓட்டுக்கும் அடுத்த ஓட்டுக்கும் இடைவெளி விட்டுத்தான் வாங்கும். அந்தக் காலத்தில் பூத்தைப் பிடித்துக் கட்டுக்கட்டாகச் சீட்டில் குத்தித் தள்ளினார்களே, அது இதில் நடக்காது.

அப்படியானால் பயமே வேண்டாமா? அங்கேதான் விஷயம் இருக்கிறது. 2010-ல் ஹைதராபாத் ஹரி பிரசாத், அமெரிக்கப் பேராசிரியர் அலெக்ஸ் ஹால்டர்மன், நெதர்லாந்தின் ரோப் கோங்க்ரைப் மூவரும் ஒரு நிஜ மெஷினைத் திறந்து, உள்ளே ஒரு பாகத்தை மாற்றி, முடிவை மாற்றிக் காட்டினார்கள். (அந்த மெஷின் எங்கிருந்து வந்தது என்று கேட்டு ஹரி பிரசாத்தைக் கைது செய்தது தனிக் கதை.) அவர்கள் காட்டியதற்கு ஒரு நிபந்தனை உண்டு. மெஷின் கையில் கிடைக்க வேண்டும்.

கிடைக்குமா? பொழிச்சலூரிலிருந்து ரொம்ப தூரம் போக வேண்டாம், வேளச்சேரிக்குப் போவோம்.

2021 ஏப்ரல் 6, ஓட்டுப்பதிவு முடிந்த நேரம். மாநகராட்சி ஊழியர்கள் ஓட்டு மெஷின்களை டூவீலரில் வைத்து எடுத்துப் போனார்கள். போலீஸ் பாதுகாப்போடு வண்டியில் போக வேண்டிய சாமான்! ரோட்டில் போனவர்கள் பார்த்து மடக்கினார்கள். ஓட்டுப்பதிவில் பயன்படாத மெஷின்கள்தான் என்று முதலில் சொன்னார்கள். விசாரித்தால், அதில் ஒரு விவிபேட் காலையில் சுமார் 50 நிமிடம் ஓடியிருக்கிறது. அதில் 15 ஓட்டு பதிவாகியிருக்கிறது. பிறகு பழுதானதால் மாற்றியிருக்கிறார்கள்.

அந்தப் பதினைந்து பேரை நினைத்துப் பாருங்கள். வரிசையில் நின்று, பட்டனை அழுத்தி, கண்ணாடிக்குள் 7 விநாடி தெரிந்த சின்னத்தைப் பார்த்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனவர்கள். சாயங்காலம் அவர்கள் சீட்டு ஸ்கூட்டரில் போகிறது. கடைசியில் 92-ம் எண் வாக்குச்சாவடிக்கு ஏப்ரல் 17-ல் மறுவாக்குப்பதிவு நடந்தது. பதினைந்து சீட்டுக்காக அந்தச் சாவடிக்கே மறுபடி தேர்தல்.

யாரும் ஓட்டை மாற்றினார்கள் என்று நிரூபணம் ஆகவில்லை. ஆனால் காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இது புரியும். கேஷியர் திருடன் என்பதால் ஆடிட் வைப்பதில்லை. நல்லவராகவே இருந்தாலும் வவுச்சர் வேண்டும், கையெழுத்து வேண்டும், பெட்டிச் சாவி யாரிடம் என்று தெரிய வேண்டும். ஓட்டுக்கு வவுச்சர்தான் விவிபேட் சீட்டு. 2013-ல் உச்சநீதிமன்றம் வேண்டும் என்றது. 2019-ல், சட்டமன்றத் தொகுதிக்கு 5 சாவடிகளில் சீட்டை எண்ணிச் சரிபார்க்கச் சொன்னது. எல்லாச் சீட்டையும் எண்ணக் கேட்டபோது 2024 ஏப்ரலில் மறுத்துவிட்டது. ஆனால் இரண்டாவது, மூன்றாவது இடம் வந்தவர்கள் கேட்டால் 5 சதவீத மெஷின்களின் சிப்பைச் சோதிக்கலாம் என்று வழி விட்டது.

இன்னொரு வவுச்சரும் உண்டு, பலருக்குத் தெரியாது. படிவம் 17சி. சாவடியில் மொத்தம் எத்தனை ஓட்டு விழுந்தது என்று எழுதி, சாயங்காலம் ஏஜென்டுகளிடம் நகல் தருவார்கள். எண்ணும் நாளில் அந்தக் கணக்கு இடித்தால் அங்கேயே கேட்கலாம். ஆனால் ஏஜென்ட் மத்தியானமே பிரியாணி சாப்பிடக் கிளம்பிவிட்டால் யார் வாங்குவது?

வேளச்சேரியில் ஸ்கூட்டரைப் பிடித்தது சிப்பும் இல்லை, சாஃப்ட்வேரும் இல்லை. சும்மா ரோட்டில் போன நாலு பேர், நின்று "என்ன இது?" என்று கேட்டார்கள். அடுத்த முறை பட்டனை அழுத்தியதும் அவசரமாகத் திரும்பாமல் அந்த 7 விநாடி நின்று பாருங்கள். முடிந்தால் ஒரு நாள் பூத் ஏஜென்டாக உட்காருங்கள், எந்தக் கட்சிக்காக இருந்தாலும் சரி. 17சி-யை வாங்காமல் மட்டும் எழுந்து வராதீர்கள்!