ஒரு வயலின்... மூணு தெரு!

லண்டன் போறீங்களா? பிக் பென், டவர் பிரிட்ஜ் முன்னாடி போட்டோ எடுத்தாச்சா? அப்போ இன்னும் அரை நாள் ஒதுக்குங்க. ஹெட்போனை மாட்டுங்க. ஒரு வயலின் இசை பிறந்து, பஞ்சாயத்தில் சிக்கி, மீண்ட கதை அங்கே மூணு தெருவில் கிடக்கு!

ஸ்டாப் 1: டென்மார்க் ஸ்ட்ரீட்

டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கினால் பொடிநடை. கிடார் கடைகளுக்குப் பேர்போன குட்டித் தெரு. 4-ம் நம்பர் கட்டடத்தில் 1964-ல் ரீஜென்ட் சவுண்ட் ஸ்டுடியோ இருந்தது. முட்டை அட்டைகளை ஒட்டி எதிரொலியை அடக்கிய அந்த ரூமில்தான் ரோலிங் ஸ்டோன்ஸ் தங்களோட முதல் எல்.பி.யைப் பதிவு செஞ்சாங்க. மேனேஜரும் தயாரிப்பாளரும் ஒரே ஆள்... ஆண்ட்ரூ லூக் ஓல்டம். 1963-ல் குழுவைக் கையில் எடுத்தப்போ அவருக்கு வயசு 19. நம்ம காலேஜ் செகண்ட் இயர்!

அவருக்கு ஒரு தனி ஆசை. ஸ்டோன்ஸ் ஹிட்களை ஆர்க்கெஸ்ட்ராவில் வாசிக்க வெச்சு ஒரு ஆல்பம் போட்டார். பேர், 'தி ரோலிங் ஸ்டோன்ஸ் சாங்புக்'. அட்டையில் 'ஆண்ட்ரூ ஓல்டம் ஆர்க்கெஸ்ட்ரா'ன்னு கம்பீரமா இருக்கும். வாசிச்சவங்க எல்லாம் ஸ்டுடியோ கலைஞர்கள். அதில் 'தி லாஸ்ட் டைம்' பாட்டை ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மாத்தி எழுதியவர் டேவிட் விட்டேக்கர். இந்தப் பேரை ஞாபகம் வெச்சுக்கோங்க!

ஸ்டாப் 2: பெர்விக் ஸ்ட்ரீட்

சோஹோ ஏரியாவில் பழைய ரெக்கார்டு பிரியர்களின் தெரு. 1960-களின் ஒரிஜினல் 'சாங்புக்' தட்டு இந்த மாதிரி கடைகளில் கண்ணில் பட்டால் அதிர்ஷ்டம். விலையைப் பார்த்தால் தலை சுத்தலாம். கவலை வேண்டாம், பின்னாடி சி.டி.யாவும் வந்திருக்கு. ஸ்டோன்ஸ் பாடிய 'தி லாஸ்ட் டைம்', ஓல்டம் வெர்ஷன்... ரெண்டையும் அடுத்தடுத்து கேளுங்க. முதலாவதில் கிடார் விரட்டும். ரெண்டாவதில் வயலின்கள் அலையலையா எழும். 'அட, இது அந்தப் பாட்டாச்சே!'ன்னு துள்ளுவீங்க. எந்தப் பாட்டு?

ஸ்டாப் 3: ஹாக்ஸ்டன் ஸ்ட்ரீட்

ஓல்ட் ஸ்ட்ரீட் ஸ்டேஷனில் இறங்கி நடங்க. சாதாரணக் கடைத்தெரு. 1997-ல் 'தி வெர்வ்' குழுவின் ரிச்சர்ட் ஆஷ்கிராஃப்ட், எதிரே வர்ற எல்லாரையும் இடிச்சுக்கிட்டே நடந்தது இங்கேதான். 'பிட்டர் ஸ்வீட் சிம்பொனி' வீடியோ! அந்தப் பாட்டின் ஆரம்பமே ஓல்டம் ஆல்பத்திலிருந்து எடுத்த துண்டுதான்.

அனுமதி கேட்டுத்தான் எடுத்தாங்க. ஆனா, 'பேசினதைவிட அதிகமா எடுத்துட்டீங்க'ன்னு குரல் கொடுத்தார் ஸ்டோன்ஸின் பழைய பாடல்களுக்கு உரிமை வெச்சிருந்த ஆலன் க்ளைன். முடிவு? பாட்டு எழுதினதற்கான வருமானம் மொத்தமும் கைமாறியது. வரிகளை எழுதிய ஆஷ்கிராஃப்ட் பேரோடு ஜாகர், ரிச்சர்ட்ஸ் பேரும் ஏறுச்சு. இருபத்திரண்டு வருஷம் கழிச்சு, 2019-ல் ஜாகரும் ரிச்சர்ட்ஸும் தங்கள் பங்கை ஆஷ்கிராஃப்ட்டுக்கே விட்டுக்கொடுத்தாங்க.

சுபமா? இன்னும் ஒருத்தர் பாக்கி. உலகமே முணுமுணுத்த அந்த வயலின் வரியை எழுதின விட்டேக்கர், பாட்டு எழுதினவங்க பட்டியலில் எந்தக் காலத்திலும் இல்லை. 2012-ல் காலமாகிட்டார். இசையமைப்பாளருக்கு உரிமை, மாத்தி எழுதித் தர்றவருக்கு வெறும் சம்பளம்... அதுதான் அன்னிக்கு வழக்கம்!

ஹாக்ஸ்டன் ஸ்ட்ரீட்டில் அந்தப் பாட்டைப் போட்டு நடங்க. யாரையும் இடிச்சுடாதீங்க. வயலின் ஆரம்பிக்கும்போது மட்டும், 'தேங்க்ஸ், விட்டேக்கர் சார்!'