லாங்கேயில் அவசரம் கூடாது

இத்தாலியின் வடமேற்கில், டூரின் நகருக்குத் தெற்கே இருக்கின்றன லாங்கே குன்றுகள். ஒவ்வொரு குன்றின் தலையிலும் ஓர் ஊர். ஊர் நடுவே மாதா கோயில் மணிக்கூண்டு. பல ஊர்களில் பழைய கோட்டையும் உண்டு. அதற்குக் கீழே சரிவு முழுக்கத் திராட்சைக் கொடிகள். நான் போனது அக்டோபரில். இலைகள் மஞ்சளும் சிவப்புமாக மாறியிருந்தன. கடைசியில் பழுக்கும் நெப்பியோலோ திராட்சையின் அறுவடை முடியும் தறுவாயில் இருந்தது.

ஊர்கள் உச்சியில் அமைந்ததற்குக் காரணம் உண்டு. எதிரி வருவது தூரத்திலேயே தெரிய வேண்டும். விளையும் சரிவில் வீடு கட்டி நிலத்தை வீணாக்கவும் கூடாது. வெயில் நன்றாக விழும் தெற்குச் சரிவு நெப்பியோலோவுக்கு. குளிர்ந்த சரிவுகளில் ஹேசல் கொட்டை மரங்கள். பனி எங்கே முதலில் உருகுகிறதோ அங்கே நெப்பியோலோவை நடு என்பது இப்பகுதி உழவர்களின் கணக்கு.

லா மோரா என்ற ஊர் 500 மீட்டருக்குச் சற்று மேலான உயரத்தில் இருக்கிறது. ஊர்ச் சதுக்கத்தில் நின்றால் பரோலோ, காஸ்திலியோனே ஃபல்லெத்தோ, செர்ரலுங்கா என ஊர்கள் வரிசையாகத் தெரியும். வானம் தெளிந்திருந்தால் ஆல்ப்ஸ் மலைகளும் தெரியும். அங்கிருந்து தோட்டங்களின் ஊடே பரோலோவுக்கு நடந்தே இறங்கினேன். காலடியில் சாம்பல் நிறச் சுண்ணாம்புக் களிமண். பல பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன் இது கடலடியாக இருந்த நிலம். வழியில் புருனாத்தே தோட்டத்தில் ஒரு சிறு கட்டடம், சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக நிற்கிறது. மழைக்கும் ஆலங்கட்டிக்கும் தோட்டத் தொழிலாளர்கள் ஒதுங்க 1914-இல் கட்டிய சிற்றாலயம் அது. 1999-இல் சோல் லெவிட், டேவிட் ட்ரெம்லெட் என்ற இரு ஓவியர்கள் அதற்கு இந்த வண்ணங்களைக் கொடுத்தார்கள்.

பரோலோவில் பன்னிரண்டரை மணிக்கு உணவு மேசையில் உட்கார்ந்தேன். அடுக்களை திறந்தே இருந்தது. ஒரு பெண்மணி மெல்லிதாகத் தேய்த்த மாவை மடித்து, கத்தியால் இழை இழையாக நறுக்கிக்கொண்டிருந்தார். இதுதான் தயரின் என்ற பாஸ்தா. ஒரு கிலோ மாவுக்கு முப்பது மஞ்சள் கருவரை சேர்ப்பார்களாம். அதனால்தான் அந்தப் பொன்னிறம். இடியாப்பம்போல மெலிந்த அந்த இழைகளை வெண்ணெயிலும் சேஜ் இலையிலும் புரட்டிக் கொண்டுவந்தார். பிறகு விரலால் கிள்ளி மூடிய, இறைச்சி பொதிந்த சின்னஞ்சிறு அஞ்ஞொலோத்தி. கடைசியில் கோகோவும் அமரெத்தி பிஸ்கட்டும் சேர்த்துச் செய்த போனெத் என்ற இனிப்பு. ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே நல்ல இடைவெளி. யாரும் வந்து அவசரப்படுத்தவில்லை. கூடவே ஒரு கோப்பை பரோலோ ஒயின். குறைந்தது 38 மாதம், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில், முதிர்ந்த பிறகே அதை விற்கலாம் என்பது சட்டம். அவ்வளவு காலம் காத்திருந்த ஒன்றை மடமடவென்று குடிக்க யாருக்கும் மனம் வராது.

இந்த நிதானமான சாப்பாட்டைப் பணக்காரர்களின் சொகுசு என்று நினைத்துவிடக் கூடாது. இந்தக் குன்றுகள் பசியை அறிந்தவை. இங்குள்ள ஆல்பா நகரில் பிறந்த எழுத்தாளர் பெப்பே ஃபெனோலியோ 1954-இல் எழுதிய ‘லா மலோரா’ நாவல், இங்கே கூலிக்கு விடப்பட்ட ஓர் ஏழைச் சிறுவனின் கதை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இளைஞர்கள் டூரின் தொழிற்சாலைகளைத் தேடிப் போனார்கள். நிலத்தைக் காத்தது ஊர்க்காரர்களின் பிடிவாதம். 1958-இல் பார்பரெஸ்கோ ஊர்ப் பாதிரியார் ஒருவர் 19 விவசாயிகளைச் சேர்த்துக் கூட்டுறவு ஒயின் ஆலை தொடங்கினார். அது இன்றும் நன்றாக நடக்கிறது. ஆல்பாவின் ஃபெரேரோ சாக்லேட் ஆலை ஊர் ஊராகப் பேருந்து விட்டது. மக்கள் ஆலைக்கும் போனார்கள், நிலத்தையும் விடவில்லை. பக்கத்துப் பிரா ஊர்க்காரர் கார்லோ பெத்ரினி தொடங்கியதுதான், அவசர உணவுக்கு மாற்றாக நிதானமான உணவை முன்வைக்கும் ‘ஸ்லோ ஃபுட்’ இயக்கம். 2014-இல் யுனெஸ்கோ இந்தத் தோட்டங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இந்த வரலாறு தெரிந்தவருக்கு, நிதானமாகச் சாப்பிடுவது நிலத்துக்கும் உழைப்புக்கும் செய்யும் மரியாதை என்பது புரியும்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். ஆல்பாவில் தங்குங்கள். மேசையை முன்பே சொல்லிவையுங்கள். இரண்டரை மணிக்கெல்லாம் அடுக்களையை மூடிவிடுவார்கள். வெள்ளை ட்ரஃபிள் காளான் கிடைக்கும் இலையுதிர் காலத்தில் கூட்டமும் விலையும் ஏறும். மது வேண்டாம் என்றால் தயங்காமல் சொல்லலாம், யாரும் வற்புறுத்துவதில்லை. இறைச்சி சாப்பிடாதவர்கள், முட்டை ஆகுமென்றால், வெண்ணெய் தயரின் கேளுங்கள். ஒரே நாளில் ஐந்து ஊரைச் சுற்றிக் காட்டும் பயணத் திட்டங்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஒரு நாளைக்கு ஓர் ஊர், ஒரு நடை, ஒரு மதிய உணவு: லாங்கேயை அறிய இதுவே சரியான வழி.