மண்ணெண்ணெயை நீலச் சுடராக்கியவருக்கு

பெருமதிப்பிற்குரிய ஃபிரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்குவிஸ்ட் அவர்களுக்கு,

நீங்கள் மறைந்து தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. இந்த மடல் உங்கள் கைக்கு வராது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். முதுகுப் பையோடு மலை ஏறுகிறவர்கள் கூடினால், எந்த அடுப்பு இலேசானது, எந்த எரிபொருள் நல்லது என்ற பேச்சு மணிக்கணக்கில் ஓடும். அந்தப் பேச்சில் உங்கள் பெயர் வருவதே இல்லை. அந்தக் குறை எனக்கு நெடுநாளாக உண்டு.

1892-இல் ஸ்டாக்ஹோமில் நீங்கள் ஒரு மெக்கானிக். அன்றைய மண்ணெண்ணெய் அடுப்புகள் திரியில் எரிந்தன, புகைந்தன, பாத்திரத்தின் அடியில் கரியை அப்பின. நீங்கள் திரியையே எடுத்துவிட்டீர்கள். பித்தளைத் தொட்டியில் எண்ணெயை ஊற்றி, பக்கவாட்டில் ஒரு பம்ப் வைத்தீர்கள். அதை அடித்தால் உள்ளே காற்று நெருக்கும். எண்ணெய் குழாய் வழியே மேலேறும். கொஞ்சம் ஸ்பிரிட் எரித்துச் சூடாக்கிய பர்னருக்குள் புகுந்து ஆவியாகும். ஊசித் துளை வழியே சீறி வெளிவந்து காற்றோடு கலந்து நீலமாக எரியும். பிரைமஸ் என்ற பெயரில் அது உலகம் சுற்றியது.

எங்கள் ஊர் வீடுகளில் ஒரு காலத்தில் அதற்குப் பம்ப் ஸ்டவ் என்று பெயர். திரி ஸ்டவ்வை விடச் சீக்கிரம் சோறு வேகும் என்பதால் வேலைக்குப் போகும் பெண்களுக்கு அது பெரிய துணை. நாசில் அடைத்தால் பின் குத்த வேண்டும். பம்பின் தோல் வாஷர் காய்ந்து போனால் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு இளக்க வேண்டும். அதற்கும் மசியாவிட்டால், “ஸ்டவ் ரிப்பேர்” என்று கூவிக்கொண்டு தெருவில் வருபவரை நிறுத்த வேண்டும். “ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி” என்ற செய்திகளும் எங்கள் நாளிதழ்களில் வந்துகொண்டே இருந்தன. சில உண்மையான விபத்துகள். பல, வரதட்சணைக்காக மனிதர்கள் செய்த கொலைகள். தான் செய்யாத பாவத்தையும் உங்கள் அடுப்பு சுமந்தது என்பதை இங்கே எழுதாமல் விட எனக்கு மனமில்லை.

நான் முதலில் நன்றி சொல்வது பனிக்காக. பனிப் பிரதேசத்தில் சமையல் என்றால் முதலில் தண்ணீர். சுற்றிலும் பனி கிடக்கும், குடிக்க ஒரு வாய் இருக்காது. ஒரு கிலோ பனியை உருக்க மட்டும் 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதே வெப்பத்தில் ஒரு கிலோ தண்ணீரைப் பூஜ்ஜியத்திலிருந்து 80 டிகிரிக்குக் கொண்டுபோய்விடலாம். அதாவது, சமையல் தொடங்கும் முன்பே எரிபொருளில் பெரும் பங்கு போய்விடும். துருவப் பயணி நான்சென் வடதுருவக் கடலுக்குக் கிளம்பியபோது உங்கள் அடுப்பின் மேல் ஒரு அடுக்குப் பாத்திரத்தை அமைத்துக்கொண்டார். நடுவில் உணவு கொதிக்க, வெளியேறும் சூட்டில் சுற்றுப் பாத்திரத்துப் பனி உருகும். இன்று அடியில் உலோக மடிப்புகள் வைத்து விற்கிற விலையுயர்ந்த பாத்திரங்களும் அதே வேலையைத்தான் செய்கின்றன.

1911 டிசம்பரில் ஆமுண்ட்சென் தென்துருவத்தை அடைந்தபோதும் சமைத்தது பிரைமஸில்தான். அதே துருவத்துக்குப் போன ஸ்காட்டின் குழுவிடமும் இதே அடுப்பு இருந்தது. ஆனால் அவர்கள் வழியில் சேமித்து வைத்த மண்ணெண்ணெய் டின்களின் மூடியில் இருந்த தோல் வாஷர்கள் குளிரில் பிடிப்பு இழந்தன. திரும்பி வந்து பார்த்தபோது எண்ணெய் குறைந்திருந்தது. ஆமுண்ட்சென் டின்களை ஈயம் வைத்து அடைத்திருந்தார். அடுப்பைப் பற்றி ஆயிரம் பேசுகிறவர்கள் எரிபொருள் புட்டியின் மூடியைப் பற்றிப் பேசுவதில்லை. நான் அதையே முதலில் பார்க்கிறேன்.

எவரெஸ்ட் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1952 மே மாதக் கடைசியில், சுவிஸ் குழுவின் ரேமண்ட் லாம்பர்ட்டும் டென்சிங்கும் எட்டாயிரம் மீட்டருக்கு மேலே ஒரு சின்னக் கூடாரத்தில் இரவைக் கழித்தார்கள். அடுப்பு இல்லை. தூங்கும் பைகளும் இல்லை. ஒரு டப்பாவில் பனிக்கட்டியைப் போட்டு மெழுகுவர்த்திச் சுடரில் காட்டி, கிடைத்த தண்ணீரில் நாவை நனைத்துக்கொண்டார்கள். மறுநாள் உச்சிக்கு முன்பே திரும்ப நேர்ந்தது. ஓராண்டு கழித்து, 1953 மே 28 இரவு, அதே டென்சிங் ஹிலரியோடு அதைவிட உயரமான இடத்தில் தங்கினார். இம்முறை பிரைமஸ் இருந்தது. பனியை உருக்கி உருக்கி எலுமிச்சைச் சாறு கலந்து குடித்தார்கள். விடிகாலையில் ஹிலரியின் பூட்ஸ் கல்லாக உறைந்துபோயிருக்க, அதே அடுப்பில் காட்டி இளக்கி, காலில் மாட்டிக்கொண்டு உச்சிக்குக் கிளம்பினார்கள். வெற்றிக்கு ஆக்ஸிஜன் கருவியும் ஆள்பலமும் காரணம்தான். ஆனால் வயிறு நிறையத் தண்ணீர் குடித்தவர்கள் ஏறினார்கள் என்பதும் உண்மை.

இனி இன்றைய கதை. இலேசான அடுப்பு வேண்டும் என்று கேட்கிறவர்களுக்குக் கடைக்காரர் முதலில் காட்டுவது, கேஸ் குப்பியின் தலையில் திருகி மாட்டும் சின்ன பர்னரை. எழுபது எண்பது கிராம்தான் இருக்கும். மடக்கினால் உள்ளங்கையில் அடங்கும். 100 கிராம் வாயு அடைத்த குப்பி, தன் எடையும் சேர்த்து 200 கிராம் அளவுக்கு வரும். ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க 12 முதல் 15 கிராம் வாயு ஆகும். ஒருவர் இரண்டு மூன்று நாள் நடக்க அது தாராளம். பம்ப் அடிக்க வேண்டாம், முன்சூடு வேண்டாம், பின் குத்த வேண்டாம். மிதமான குளிரில் போகிறவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது இதைத்தான்.

குளிர் ஏறினால் கணக்கு மாறுகிறது. குப்பிக்குள் இருக்கும் வாயு வெளியே சீறி வர அழுத்தம் வேண்டும். அந்த அழுத்தத்தைக் கொடுப்பது வெப்பநிலை. சாதாரண பியூட்டேன் மைனஸ் 0.5 டிகிரியில் கொதிப்பது. அதற்குக் கீழே அது குப்பிக்குள் திரவமாகவே கிடக்கும். ஐசோபியூட்டேன் மைனஸ் 12 வரை தாங்கும், புரொப்பேன் மைனஸ் 42 வரை. ஆகவே குப்பி வாங்கும்போது அதன்மேல் அச்சிட்டிருக்கும் கலவையைப் படியுங்கள். எங்கள் நாட்டில் மலிவாகக் கிடைக்கும் நீளக் குப்பிகளில் பெரும்பாலும் பியூட்டேன்தான்; கொடைக்கானலுக்கு அது போதும், பனிமலைக்கு உதவாது. நல்ல கலவையிலும் புரொப்பேன் முந்திக்கொண்டு வெளியேறிவிடும். கடைசிப் பகுதி எரிய மறுத்து மினுங்கும், அதுவும் பசி மிகுந்த நேரத்தில்.

உங்கள் அடுப்பில் அழுத்தம் கையிலிருந்து வருகிறது. வெளியே என்ன குளிர் அடித்தாலும் இன்னும் நாலு முறை பம்ப் அடித்தால் சுடர் நிமிரும். எரியும் சக்தியில் மண்ணெண்ணெயும் கேஸும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கிலோவுக்கு 43 மெகாஜூல், 46 மெகாஜூல் என்று சின்ன வேறுபாடு. உங்கள் மேன்மை அந்தப் பம்பில் இருக்கிறது. 1973-இல் சியாட்டிலைச் சேர்ந்த லாரி பென்பெர்த்தி பம்பை எரிபொருள் புட்டியிலேயே பொருத்தி, பர்னரைக் குழாய் மூலம் தள்ளி வைத்தார். உயரத்தில் ஏறுகிறவர்கள் போதிய தண்ணீர் குடிக்காததே அவர்களை வீழ்த்துகிறது என்பது அவர் கண்டது. இன்றைய பன்முக எரிபொருள் அடுப்புகள் அந்த வழியில் வந்தவை. புட்டி, பம்ப் எல்லாம் சேர்த்து அரைக் கிலோ வரை வரும். எடை பார்த்து இதை ஒதுக்குகிறவர்கள் போகும் இடத்தையும் பார்க்க வேண்டும். பனியை உருக்கித்தான் குடிக்க வேண்டிய இடமென்றால், அந்த எடையை நான் மனமார ஏற்பேன்.

ஸ்பிரிட் அடுப்பு எல்லாவற்றிலும் இலேசானது, சத்தமில்லாதது. ஆனால் ஸ்பிரிட்டின் சக்தி கேஸில் பாதியை ஒட்டியே இருக்கிறது. நாட்கள் கூடக் கூட எரிபொருள் எடை அடுப்பில் மிச்சப்படுத்தியதை விழுங்கிவிடும். பகலில் அதன் சுடர் கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து மேலும் ஊற்றுவது பேராபத்து. 1936-இல் ஜெர்மனியில் எரிக் ஷூம் கொண்டுவந்த எஸ்பிட் என்னும் திட எரிபொருள் வில்லைகளை ஒரு குவளைத் தேநீருக்கு, அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

சமைப்பதையும் இடத்துக்குத் தக்கபடி மாற்ற வேண்டும். லே நகரம் இருக்கும் 3,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 88 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடுகிறது. துவரம்பருப்பை அங்கே திறந்த பாத்திரத்தில் வேகவைக்கப் பார்த்தால் எரிபொருள்தான் தீரும். அவல், வறுத்த ரவை, சேமியா, சத்துமாவு, புளிக்காய்ச்சல் இவை போதும். கொதிக்கும் தண்ணீரை ஊற்றி மூடிவைத்தால் பாதி வேலை முடிந்தது.

உங்களுக்கு நான் சொல்லும் மிகப் பெரிய நன்றி மரங்கள் சார்பில். இமயத்தின் மேட்டுப் பகுதிகளில் ஜூனிபர் புதர்கள் மிக மெதுவாக வளர்பவை. மலையேறிகளின் ஒரு வேளைச் சோற்றுக்கு அவை விறகாகப் போயிருக்கின்றன. நேபாளத்தின் சாகர்மாதா தேசியப் பூங்காவில் மலையேறும் குழுக்கள் விறகு எரிக்கத் தடை உண்டு. எரிபொருளைக் கையோடு கொண்டு போக வேண்டும். சுமந்து செல்லும் அடுப்பு என்று ஒன்று இருப்பதால்தான் அந்தத் தடையை விதிக்கவே முடிகிறது.

கடைசியாக, இதைப் படிக்கும் என் ஊர்க்காரர்களுக்குச் சில வார்த்தைகள். தமிழ்நாட்டுக் காப்புக்காட்டுக்குள் நெருப்பு மூட்டுவதை 1882-ஆம் ஆண்டின் வனச் சட்டமே தடுக்கிறது. 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீ இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. எவ்வளவு சின்ன அடுப்பானாலும் காப்புக்காட்டுக்குள் எடுக்காதீர்கள்; ஊறவைத்த அவலும் கடலையும் வெல்லமும் ஒரு நாளைத் தாங்கும். கூடாரத்தை மூடிக்கொண்டு உள்ளே அடுப்பு எரிக்காதீர்கள்; கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் இல்லாமல் கொல்லும். குப்பியின் தலையில் மாட்டிய அடுப்பைச் சுற்றிக் காற்றுத் தடுப்பைக் கட்டாதீர்கள். குப்பி சூடேறி வெடிக்கலாம். விமானத்தில் கேஸ் குப்பிக்கு எந்தப் பையிலும் இடமில்லை. ரயிலிலும் எரிபொருள் கொண்டுபோகக் கூடாது. 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரை ரயில் நிலையத்துக்கு அருகே நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில், சட்டத்தை மீறி ஏற்றிவந்த சிலிண்டரால் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். அடுப்பை மட்டும் வீட்டிலிருந்து கொண்டு போங்கள். எரிபொருளைப் போய்ச் சேரும் ஊரில் வாங்குங்கள். அங்கே என்ன கிடைக்கும் என்று விசாரித்த பிறகே எந்த அடுப்பு என்று முடிவு செய்யுங்கள். காலிக் குப்பியைக் கீழே கொண்டு வந்துவிடுங்கள்.


மலை நடப்பவன் ஒருவன்